பாதி வெட்டில் நின்ற கத்தி

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வேல்குமார் அறுபது அடுக்குத் துணியைப் பாதி வெட்டியிருந்தபோது முதலாளியே கட்டிங் ஹாலுக்குள் ஓடிவந்தார்.

"மாஸ்டர், நிறுத்துங்க! அமெரிக்காவுல வரியை ஏத்திப் போட்டாங்களாமா. பெரிய கம்பெனியில ஆர்டரை ஹோல்டு பண்ணச் சொல்லீட்டாங்க."

வேல்குமார் வெட்டு மெஷினை அணைத்தார்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருந்த அந்தத் தையல் யூனிட், ஒரு பெரிய ஏற்றுமதிக் கம்பெனிக்கு கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்தது. அந்தக் கம்பெனியின் ஷேரைத்தான் வேல்குமார் இரண்டு லட்சத்துக்கு வாங்கியிருந்தார். மகள் தரணியை ஜூனில் நர்சிங்கில் சேர்க்க வைத்திருந்த பணம். நாம் தொட்டு வெட்டுகிற துணி, நமக்குத் தெரியாத கம்பெனியா என்ற தைரியம். சோறும் சேமிப்பும் ஒரே சட்டியில் கிடப்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

அவருடைய ஃபோன் வாசல் கேட்டில், வாட்ச்மேன் கிட்டுசாமியின் மரப்பெட்டிக்குள் இருந்தது. வேலை நேரத்தில் யாருக்கும் தரமாட்டார்கள். சாப்பாட்டு மணிவரை பாதி வெட்டிய துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மணிக்கு ஃபோனை வாங்கி ஷேர் கணக்கைத் திறந்தால் ஒரு லட்சத்து அறுபதாயிரம். விற்கப் போட்டார். விற்கவில்லை.

அயர்ன் மாஸ்டர் சுடலை, திருநெல்வேலிக்காரர், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "வாங்க ஒரு பய இல்லியே வே. எல்லாவனும்லா விக்க நிக்கான். மூஞ்சியப் பாரும், இஸ்திரி போடாத துணி கணக்கா!"

"சிரிக்காதீங்க. தரணி காலேஜ் பீஸுங்க அது."

சுடலையின் சிரிப்பு சட்டென்று அடங்கியது.

வீட்டில் மனைவி ஜெயபாரதி ஆறுதலாகத்தான் சொன்னாள். "ஆர்டர் நின்னா நின்னுட்டுப் போகுதுங்க. பீஸ் பணம் பேங்குல இருக்குதல்லங்க, அது போதும்."

அது பேங்கில் இல்லை என்று சொல்லாமலே வேல்குமார் தட்டில் கை கழுவினார்.

மறுநாள் இன்னும் பத்தாயிரம் இறங்கியது. புதனன்றும் இறங்கியது. பிறகு வரியைத் தள்ளிவைத்தார்கள் என்று செய்தி வந்தது. விலை மெல்ல ஏறத் தொடங்கியது. இறங்கியபோது இருந்த பயம் ஏறும்போது இரண்டு மடங்காகிவிட்டது. இப்போது விற்றால் பீஸ் பணத்தில் துண்டு விழும். நாளைக்கு மறுபடி சரிந்தால்?

பத்தாம் நாள் மதியம் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம்.

"பொறும் வே, அடுத்த வாரம் லாபமே வரும்" என்றார் சுடலை.

"வாங்கறவன் நல்லா இருக்கட்டுமுங்க." அழுத்தினார். கண் மூடித் திறப்பதற்குள் விற்றுப்போனது. தண்ணீர்க் குழாய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வேகத்தில் ஜெயபாரதியை ஃபோனில் கூப்பிட்டு அத்தனையும் கொட்டிவிட்டார்.

"நாலாயிரம் எங்கீங்க?" என்றாள் அவள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. "மாஸ்டர், ஆர்டர் ஓகேங்களாமா! மறுபடி கத்தியை ஓட்டச் சொல்றாங்க" என்று கிட்டுசாமி பெட்டியை நீட்டினார்.

"ஊட்டுக்கு வந்து சொல்றேனுங்க" என்று முணுமுணுத்துவிட்டு, அவசரமாக ஃபோனை உள்ளே போட்டார் வேல்குமார். ஆறு மணி வரைக்கும் அது ஒலித்தாலும் அவருக்குக் கேட்காது.