மாட்டு மணியோடு வந்த சம்பந்தியம்மா

என் கணவர் கார்மைன் புரூக்ளினில் பிறந்தவர். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, நியூயார்க்கில் யாரிடமும் வழி கேட்பதில்லை என்று அறுபது வருடமாக விரதம் காக்கிறார். ரயில் நிலையத் தூணில் ஒட்டிய அறிவிப்பைக்கூடப் படிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் இஷ்டத்துக்கு மாறி ஓடும் என்பது ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் படிக்க மாட்டார்.

அன்று மாரத்தான் ஞாயிறு. எங்கள் மருமகள் பிரிட்டா ஓடுகிறாள். போன வருடம் முதலாம் அவென்யூவில், எண்பத்தாறாம் தெரு முனையில், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழவே இல்லை. "இந்தத் தடவ அந்த முனையில நீ நில்லும்மா, ஆத்துப் பக்கமா. உன் மொகத்தப் பாத்தா தாண்டிடுவேன்" என்று நெப்ராஸ்காவிலிருந்து அம்மாவை வரவழைத்திருந்தாள். சம்பந்தியம்மா வெர்னா, தொழுவத்திலிருந்து கழற்றிய மாட்டு மணியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ரயிலில் ஏறியதும் வெர்னா பெட்டி முழுக்கப் பார்த்து, "எல்லாருக்கும் காலை வணக்கம்!" என்றார். எனக்கே உடம்பு கூசியது.

"சம்பந்தி, இங்க யாரும் யார் மூஞ்சியையும் பாக்கக் கூடாது" என்று கார்மைன் பல்லைக் கடித்தார்.

"ஏன், கடிச்சிடுவாங்களா?"

எதிரே இருந்த பெண் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். "எங்க போறீங்கம்மா?" "எண்பத்தாறாம் தெருவுக்கு" என்றார் வெர்னா. "இன்னைக்கு இந்த வண்டி அங்க நிக்காதே!"

"நிக்கும். எனக்குத் தெரியாததா?" என்றார் கார்மைன்.

நிற்கவில்லை. எண்பத்தாறு ஜன்னலுக்கு வெளியே கடகடவென்று ஓடிப்போனது. நூற்று இருபத்தைந்தாம் தெருவில்தான் கதவு திறந்தது. ஓடுகிறவர்கள் எங்கே வருகிறார்கள் என்று போனில் காட்டும் பிரிட்டாவின் புள்ளி, பாலத்தை விட்டு முதலாம் அவென்யூவில் இறங்கிவிட்டிருந்தது. கார்மைன் சுவரிலிருந்த ரயில் வரைபடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யோசித்தார்.

வெர்னா அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நடைமேடை நடுவில் நின்று, "ஐயா, அம்மா, எம் பொண்ணு ஓடுறா! எப்படிப் போகணும்?" என்று குரல் கொடுத்தார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வணக்கம் சொல்லத்தான் தெரியாது. வழி சொல்லச் சொன்னால் உயிரை விடுவார்கள். ஐந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"கீழ போங்க, திரும்பி வர்ற வண்டி நிக்கும்."

"அவன் கிடக்கான், பஸ்தான் சுகம்."

"பஸ்ஸா? ரோடே அடைச்சிருக்கு, எந்த ஊருய்யா நீ?"

அவர்கள் சண்டை முடிவதற்குள், ரயிலில் வந்த அதே பெண் வெர்னாவின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

முதலாம் அவென்யூவை அடைந்தபோது கூட்டம் சுவர் போல நின்றது. நாங்கள் இடது பக்கம். ஆறு எதிர்ப்பக்கம். நடுவே ஓட்டக்காரர்கள். போலீஸ்காரர் கையை விரித்தார்: "தாண்ட முடியாதும்மா."

அப்போதே பிரிட்டா தெரிந்தாள். நொண்டிக்கொண்டு வந்தாள். வலது பக்கக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அம்மா இல்லை. அவள் முகம் கோணிற்று, ஓட்டம் நடையானது, நடையும் நிற்கப் பார்த்தது.

வெர்னா மணியை எடுத்தார். எங்கள் ஊர்க் கடைகளில் வாங்கிக் கூட்டம் ஆட்டிக்கொண்டிருந்த விளையாட்டு மணிகளின் கிணுகிணுப்புக்கு நடுவே, அது டங், டங் என்று கனமாக விழுந்தது. வயலில் எங்கோ நிற்கிற மாட்டை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்க வார்த்த மணி அது. பிரிட்டாவின் தலை படக்கென்று இடப்பக்கம் திரும்பியது.

"அம்மா!"

"உக்காந்தே, தோலை உரிச்சுடுவேன்! ஓடுடி!"

அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓடினாள். போன வருடம் உட்கார்ந்த முனை அவளுக்குப் பின்னால் போயிற்று. எனக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின.

கார்மைனைத் தேடினேன். என் மனிதர், யார் மூஞ்சியையும் பார்க்காதவர், கூட்டத்தில் ஒவ்வொருவர் தோளையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? அது எங்க மருமக! எங்க மருமகளுங்க!"