இடுப்பளவுக் குழாய்

ஆகாயமும் நானும் சண்டை போட ஆரம்பித்தால், மூன்றாம் மாடியில் இருக்கிறவர்கள் டீ டம்ளரைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கிவிடுவார்கள். ஆகாயம் என்பது பட்டப்பெயர். செயற்கைக்கோள் அனுப்பும் எண்களை வைத்துக்கொண்டு, பூமிக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குச் சொல்கிறவர். நான் பூமிக்குள் நாடாவை இறக்கிப் பார்க்கிற கட்சி. அதனால் எனக்குப் பாதாளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லிப் பார்க்கட்டும்.

எங்கள் ஆய்வு நிறுவனம் நாட்டின் வளங்களைப் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவருகிறது. காடு, கனிமம், மண், காற்று என்று ஆளுக்கொரு தொகுதி. ஒரு மூலையில் பனி பெய்யும்போது இன்னொரு மூலையில் வெயில் மண்டையைப் பிளக்கிற இவ்வளவு பெரிய நாட்டை ஏழு புத்தகத்துக்குள் அடைக்கச் சொன்ன புண்ணியவான் யாரோ தெரியவில்லை. மூன்றாம் தொகுதி தண்ணீர். அது என்னுடையது. நாலு வருடம் உயிரைக் கொடுத்து எழுதினேன். அதில் கிழக்குச் சமவெளி என்ற அத்தியாயம்தான் சண்டைக்குக் காரணம்.

அந்தச் சமவெளியில் எங்களுக்கு அறுபத்து நாலு அளவுக் குழாய்கள் இருக்கின்றன. ஒரு சாண் அகலத்தில் இரும்புக் குழாய், பூமிக்குள் ஆழமாக இறக்கியது. தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஆள் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, நாடாவை உள்ளே விட்டு, அது தண்ணீரைத் தொடுகிற ஆழத்தைக் குறித்து அனுப்புவார். அப்படி வந்த எண்களைப் பார்த்தால், இரண்டே வருடத்தில் தண்ணீர் சராசரியாக அறுபது சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. வரைபடத்தில் அந்த இடத்துக்குச் சிவப்பு அடித்தேன். சிவப்பு அடித்துப் புத்தகம் வந்துவிட்டால், அடுத்த மாதமே அங்குள்ள பாசன மோட்டார்களுக்கு அரசாங்கம் சீல் வைத்துவிடும்.

"செயற்கைக்கோள்ல அப்படி ஒரு குறைவும் காட்டலயே மேடம்" என்று ஆகாயம் நாலு மாதமாக ஒரே பாட்டு.

"அது மேல பறக்குது. தண்ணி கீழ இருக்கு. எங்க ஆளு நாடாவை விட்டுத் தொட்டுப் பாத்து எழுதறார். நீங்க தொட்டீங்களா?"

"நான் எப்படிங்க தொடறது?"

"அப்ப பேசாதீங்க."

ஆய்வுக் குழுக் கூட்டத்திலும் இதையே பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னேன். சிரித்தார்கள். இயக்குநர் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை தொகுதி அச்சுக்குப் போவதாக ஏற்பாடு.

யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. என் தங்கை வீடு அந்தச் சமவெளியில்தான். அவளும் அவள் வீட்டுக்காரரும் பதினாறு வருடமாக அங்கே தக்காளி போடுகிறார்கள். ஒரு கிணறு, ஒரு மோட்டார். மோட்டார் நின்றால் தக்காளி இல்லை, தக்காளி இல்லையென்றால் அவர்களுக்கு அங்கே வேலையில்லை. புத்தகம் வெளிவருவதற்கு முன்னால் ஒரு எழுத்துக்கூட வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. நல்ல விதிதான். ஆனால் கூடப்பிறந்தவளின் மோட்டாருக்கு நானே சீல் வைக்க எழுதிக் கொடுத்துவிட்டு, போனில் அவளிடம் "அடுத்த வருஷம் என்ன நடப் போற?" என்று எந்த வாயால் கேட்பேன்? கேட்க முடியாமல், பேசுவதையே விட்டுவிட்டேன். அவள் கூப்பிட்டால் மீட்டிங் என்பேன். மூன்று மாதம் இப்படியே ஓட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் புத்திசாலித்தனமாக ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டாள்.

"உயிரோட இருக்கியா அக்கா?"

"இருக்கேன். வேலைடி."

"ஊர்ல எல்லாருக்கும்தான் வேலை. என்ன கோபம் உனக்கு? இவர் ஏதாவது சொல்லிட்டாரா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

"சரி, ஒரு விஷயம் கேக்கணும். எங்க வரப்போரம் உங்க ஆபீஸ் குழாய் நிக்குதில்ல, அதுல கொடிக்கயிறு கட்டினேன். துணி காயப்போட நல்லா தோதா இருக்கு. அளக்க வர்ற உங்க ஆளு சத்தம் போடறார். நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"அதுல எப்படிடி கொடி கட்டுவே? முழங்காலுக்குக்கூட வராதே. நான் வந்தப்ப அதுமேல கால வச்சுத்தான செருப்பு வாரைப் போட்டேன்?"

"அது எந்தக் காலம்! நீ இந்தப் பக்கம் வந்து மூணு வருஷம் ஆச்சு. இப்ப என் இடுப்புக்கு இருக்கு. வளந்துடுச்சு."

"குழாய் வளருமாடி?"

"எனக்கென்ன தெரியும், நீதான படிச்சவ. வெள்ளம் வந்து வடிஞ்சுதுல்ல, அதுக்கப்புறம் ஆளுங்க வந்து மேல ஒரு குழாய்த் துண்டை வச்சு வெல்டிங் பண்ணிட்டுப் போனாங்க. அடுத்த வெள்ளத்துல சேறு உள்ள போயிடக் கூடாதாம்."

"அப்புறம் பேசறேன்" என்றேன். "பாத்தியா, மறுபடியும்..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே வைத்துவிட்டேன்.

என்ன நடந்திருக்கிறது என்று குழந்தைக்கும் புரியும். எங்கள் ஆள் நாடாவைக் குழாயின் வாயிலிருந்து இறக்குகிறார். வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதைக் கம்ப்யூட்டர் கழித்துக்கொண்டு, தரைக்குக் கீழே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. அந்த உயரம் என்றோ பதிந்த முப்பத்தைந்து சென்டிமீட்டர். குழாயை உயர்த்திவிட்டு, கம்ப்யூட்டரில் பழைய முப்பத்தைந்தையே கழித்துக்கொண்டிருந்தால், உயர்த்திய அளவுக்குத் தண்ணீர் இறங்கியது போலத்தான் தெரியும். தண்ணீர் பாவம், இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

அட்டவணையைத் திறந்தேன். வாய் உயரம்: முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, முப்பத்தைந்து. வெள்ளத்துக்கு முன்பும் அதே, பின்பும் அதே. பிறகு இறங்கிய அளவுகளைப் பார்த்தேன். ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்று, அறுபது, அறுபத்திரண்டு. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆற்றோரத்துத் தண்ணீரும் மேட்டுநிலத்துத் தண்ணீரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே அளவா இறங்கும்? இதை நான் முன்பே பார்த்தேன். பார்த்துவிட்டு, எவ்வளவு சுத்தமான தரவு என்று பெருமை வேறு பட்டேன். நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அளக்கிறவருக்குப் போன் போட்டேன். அவரை டேப்பு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பையில் அளவு நாடா இருக்கும்.

"பராமரிப்புக் காண்ட்ராக்ட்காரங்க உசத்தினாங்களே மேடம்" என்றார், வெயிலடிக்கிறது என்பதைப் போல. "அறுபத்து நாலையும் உசத்திட்டாங்க. ரெண்டு வருஷம் ஆகப் போகுது."

"இதை ஏங்க எழுதல?"

"எங்க எழுதறது? முன்ன காகிதப் படிவத்துல கடைசில குறிப்புன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. போன்ல வந்த புதுப் படிவத்துல அது இல்ல. நீங்கதான எடுத்துட்டீங்க."

ஆமாம், நான்தான் எடுத்தேன். படிவத்தைப் போனுக்கு மாற்றியபோது பழைய குறிப்புகளை எல்லாம் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். 'நாய் துரத்தியது.' 'பூட்டு துருப்பிடித்துள்ளது.' 'இன்று மனசு சரியில்லை.' "இது ஆய்வா, டைரியா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கட்டத்தை அங்கேயே அடித்தேன். கைதட்டினார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இப்படித்தான் கைதட்டலோடு நடக்கும் போலிருக்கிறது.

"போன்லயாவது சொல்லியிருக்கலாமே டேப்பு?"

"சொன்னேன் மேடம். எண்ணை மட்டும் அனுப்புங்க, கதை வேண்டாம்னீங்க."

சொன்னேன்தான்.

போனை வைத்த பிறகுதான் சந்தோஷம் வந்தது. தங்கை பிழைத்தாள்! துள்ளிக் குதிக்கலாம் என்று எழுந்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம்தான் பயமாக இருந்தது. இந்தப் பதில் வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. ஆசை இருக்கிறவள் கணக்குப் போட்டால், கணக்கு அவள் சொன்னபடி ஆடும். ஒருவேளை குழாய் பாதிதான் உயர்ந்திருந்து, மீதிப் பாதி தண்ணீர் நிஜமாகவே இறங்கியிருந்தால்? தங்கைக்காக நான் சிவப்பை அழித்து, அந்தச் சமவெளியே பத்து வருடத்தில் வறண்டு போனால்?

நேராக ஆகாயத்தின் அறைக்குப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் கொட்டினேன். கொடிக்கயிறு, குழாய், நான் அடித்த கட்டம், என் தங்கை, அவள் கிணறு, எதையும் விடவில்லை. "சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுடுங்க. அப்புறம் எனக்குப் பொறுமை இருக்காது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் கிடந்த புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்தார். "உக்காருங்க. இந்தக் கணக்கை நீங்க தொடாதீங்க. நான் போடறேன்."

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"தங்கச்சி விஷயம் இயக்குநருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மொதல்ல அதைப் போய்ச் சொல்லுங்க."

சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பழக்கம் எனக்கில்லை, மூன்று மாதம் மறைத்தேன் என்பதைத் தவிர. இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "இதை நாலு மாசம் முன்னாடி சொல்லியிருக்கணும்" என்றார். "தெரியும் சார்." "நாளைக்கு சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் நேரம். அறுபத்து நாலு குழாயையும் அளந்து காட்டுங்க. இல்லேன்னா சிவப்பு சிவப்பாவே போகும்."

டேப்பும் இன்னும் இரண்டு பேரும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒவ்வொரு குழாயின் பக்கத்திலும் நாடாவைத் தரையில் ஊன்றிப் பிடித்து, போட்டோ எடுத்து ஆகாயத்துக்கு அனுப்ப வேண்டும். எனக்கு அனுப்பவே கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். சொன்னவள் சும்மா இருந்தேனா? புதன்கிழமை பகல் முழுவதும் அவர் அறையின் மூலையில், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"தொண்ணூத்தஞ்சு. தொண்ணூத்தாறு. தொண்ணூத்தஞ்சு" என்று அவர் வாசித்துக்கொண்டே பதிந்தார். ஒரு போட்டோவில் நிறுத்தி, "இதென்ன, குழாய்க்குப் பாவாடை கட்டியிருக்கு?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் எண் குழாய், தங்கை வரப்போரத்துக் குழாய். டேப்பு சத்தம் போட்டும் கேட்காமல் கொடி கட்டியிருக்கிறாள் மகராசி.

நாலேகாலுக்குக் கடைசிப் போட்டோ வந்தது. அவர் ஏதோ தட்டினார், திரையைப் பார்த்தார், மறுபடி முதலிலிருந்து தட்டினார். அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பத்து யுகம்.

"இருபத்திரண்டு குழாய்ல கொஞ்சம் இறங்கியிருக்கு. பதினேழுல ஏறியிருக்கு. மிச்சம் அப்படியே இருக்கு. சராசரி ரெண்டு சென்டிமீட்டர் குறைவு. அது அளக்கற பிழைக்குள்ளயே வந்துடும் மேடம். தண்ணி இறங்கல."

அதுவரை மூச்சை எங்கே வைத்திருந்தேனோ தெரியவில்லை, மொத்தமாக வந்தது. ஏறியது, இறங்கியது, சும்மா இருந்தது என்று ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு இருப்பதுதான் நிஜத் தண்ணீர்.

"நாப்பத்தொண்ணு என்னன்னு கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"நாலு சென்டிமீட்டர் ஏறியிருக்கு."

அழுதுவிட்டேன். பதினெட்டு வருட வேலையில் அந்தக் கட்டடத்தில் நான் அழுதது அன்றுதான். ஆகாயம் சங்கடப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாக, "செயற்கைக்கோள் சொன்னது சரின்னு ஒரு வார்த்தை..." என்று இழுத்தார்.

"சரி, சரி, சரி. மூணு தடவை சொல்லிட்டேன். அடுத்த நாலு மாசத்துக்கு வாயைத் திறக்காதீங்க."

இயக்குநர் வரைபடத்தில் சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சை போடச் சொல்லிக் கையெழுத்திட்டார். தவறு எப்படி நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் ஒரு பத்தி எழுதி என் பெயரையும் போட்டேன். படிவத்தில் குறிப்புக் கட்டத்தைத் திரும்ப வைக்கச் சொன்னேன். முன்பிருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக. டேப்பு பத்தே நிமிடத்தில் அதில் எழுதி அனுப்பினார்: 'அறுபத்து நாலும் முடிந்தது. நாய் துரத்தியது.'

எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் தங்கைக்குப் போன் போட்டேன். புத்தகம் வரும்வரை அவளிடம் எதையும் சொல்லக் கூடாது. சொல்வதற்கு இப்போது எதுவும் இல்லை என்பதை நினைக்க நினைக்க இனித்தது.

"மீட்டிங் முடிஞ்சுதா?" என்றாள் குத்தலாக.

"முடிஞ்சுது. குழாயில இருந்து கொடியை அவுரு."

"இதுக்கா கூப்பிட்ட?"

"இல்லடி. சும்மாதான். நல்லா இருக்கியா?"

"அக்கா, அழறியா?"

"சளி."

"பொய் சொல்லாத. எனக்குப் பயமா இருக்கு. யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடி. யாருக்கும் ஒண்ணுமே ஆகல" என்றேன். "அதை விடு. அடுத்த வருஷம் என்ன நடப் போற?"

"அதையேன் கேக்கற!" என்று அவள் ஆரம்பித்தாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.