வெற்றிலையை விட்ட பெருமை

வடிவுக்கு மூக்குக்கு மேலே முகமே இல்லை, வாய் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது, ஆவுடையப்பன் வலது கண்ணைத் திறந்தால் குங்குமத்தோடு முழு மனைவியும் வந்து உட்காருகிறாள், மூடினால் இடது கண்ணுக்கு மறுபடி வெறும் வாய், காலையில் எழுந்ததிலிருந்து இதே வேலை, கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்தும் விடவில்லை, சின்னப் பிள்ளையாட்டம் கண்ணை அடிச்சுக்கிட்டு என்ன இது, என்கிறது அந்த வாய், அந்த வாய்தான் நாற்பது வருஷம் வெற்றிலைக்காக அவரோடு மல்லுக்கட்டியது, சுவரெல்லாம் துப்பி வச்சிருக்கியளே, வீடா இது, என்று கத்தி ஓய்ந்தது, மூன்று மாதத்துக்கு முன்னே அவர் வெற்றிலைப் பெட்டியை மூடிப் பரணில் போட்டதும் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டதும் அதே வாய்தான், எங்க வீட்டுல அவுக வெத்தலைய விட்டுட்டாகள்லா, என்று, பிள்ளையாருக்குச் சிதறுகாய் வேறு உடைத்தாள், இவர் பக்கத்தில் பெரிய தியாகியாட்டம் கைகூப்பி நின்றார், வெட்கங்கெட்ட மனுஷன், நிஜத்தில் நாலு தடவை மெல்லுவதற்குள் தாடை ஓய்ந்து வலித்தது, தோசையைக்கூட சாம்பாரில் ஊறப்போட்டுத்தான் விழுங்கினார், சீப்பு பட்டாலே காதுக்கு மேலே சுரீரென்றது, வயசாச்சு, சொல்லி என்ன ஆகப்போகிறது, கிடைத்த பெருமையும் போய்விடுமே என்று மூச்சுவிடவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள், சின்ன வயது டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்க்கிறாள், இடது கண்ணு நரம்புக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்குய்யா, ஏன் அடைச்சுதுன்னுதான் தெரியணும், சில பேருக்கு உடம்பே தன்னோட ரத்தக்குழாயை எதிரின்னு நெனச்சுத் தாக்கும், குழாய் வீங்கி அடைச்சுக்கும், அதுதான்னா இன்னிக்கே மருந்து ஏத்தணும், இல்லன்னா வலது கண்ணும் எப்ப வேணாலும் போயிரலாம், மெல்லும்போது தாடை வலிக்குமா, சொல்லுங்க. வடிவு முந்திக்கொண்டாள், அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், வெத்தலையக்கூட விட்டுட்டாகளே. எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில், அட கடவுளே, இதைப் போய் உடைக்கணுமா, ஆவுடையப்பனுக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை, நிஜம் சொல்லவும் தெம்பில்லை, நானா விடலம்மா, மெல்ல முடியல, மூணு மாசமா வலி, இவகிட்ட சொல்லல, என்றார், டாக்டரை மட்டும் பார்த்து.

மத்தியானம் கட்டிலில் படுத்திருக்கிறார், ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள், முடிவுக்குக் காத்திராமல் கையில் மருந்து இறங்குகிறது, இடது கண்ணுல போனது போனதுதான், வலதைக் காப்பாத்தப் பாக்கறோம், என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது, வடிவு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், அவர் பழக்கதோஷத்தில் வலது கண்ணை மூடினார், வாய் மட்டும் தெரிந்தது, இறுக மூடிய வாய், அதன் ஓரம் நடுங்கிக்கொண்டிருந்தது, ஏளா, ஏசவாவது செய்யேன், என்றார். அந்தக் கண்ணை மூடாதிய, என்றது வாய், அதுலயாவது என்னைப் பாருங்க.