தேவை: மரியக்குட்டி

எங்கள் வார்டில் அறுபத்தைந்து வயது தாண்டியவர்கள் நாற்பத்திரண்டு பேர். ஊரடங்கு வந்ததும் பஞ்சாயத்தில் அத்தனை பேரையும் ஆஷா சுகாதாரப் பணியாளரான என் தலையில் கட்டினார்கள். தினமும் காலையில் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, காய்ச்சல் உண்டா, சமூகச் சமையலறைச் சாப்பாடு வந்ததா, வேறு ஏதாவது தேவையா என்று விசாரிக்க வேண்டும். பதிலைப் படிவத்தில் நிரப்பிப் பத்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். நாற்பத்தொரு பேரை எப்படியோ முடித்துவிடுவேன். இட்டூப் அப்பச்சன் ஒருவர்தான் என் உயிரை வாங்கினார்.

"வேறே ஏதாச்சும் வேணுமா அப்பச்சா?"

"மரியக்குட்டி வேணும்."

தினமும் இதே கேள்வி, இதே பதில். நான் படிவத்தில் "தேவை: இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணை அழுத்துவேன்.

மரியக்குட்டி அவருடைய மனைவி. பேரக்குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக, மார்ச் மாதம் காயலுக்கு அக்கரையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். மூன்றே நாள் என்பதால் மாற்று முண்டு இரண்டுதான் எடுத்துப் போயிருந்தார். வாத்துகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அப்பச்சன் போகவில்லை. மூன்றாம் நாள் படகு நின்றது. அக்கரை வேறு மாவட்டம். கொஞ்ச நாளில் அதைச் சிவப்பு மண்டலம் என்று அறிவித்துவிட்டார்கள். வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அந்தக் கரைத் தென்னைகள் தெரியும், ஆனால் ஒரு கொசு கூட அங்கிருந்து அனுமதி இல்லாமல் வர முடியாது.

போனில் பேசிக்கொள்ளலாமே என்பீர்கள். மரியக்குட்டி அம்மச்சிக்குக் காது கிட்டத்தட்ட இல்லை. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். ஒரு நாள் அரிசிப் பை கொடுக்கப் போனபோது என் போனில் வீடியோவில் கூப்பிட்டு அப்பச்சனிடம் நீட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது படம் மோளே. செத்தவங்களைத்தான் படத்துல பார்க்கணும். எனக்கு ஆள் வேணும்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. வேகாத வெயிலில் வள்ளம் ஏறி வந்து நான் செய்த உபகாரத்துக்கு இதுவா மரியாதை என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன்.

ஈஸ்டர் வந்தது. முற்றத்தில் இருபது வாத்து மேய்ந்துகொண்டிருக்க, அந்த மனிதர் எங்கள் சமையலறை அனுப்பிய சோறும் சாம்பாரும் சாப்பிட்டு ஐம்பது நாள் நோன்பை முடித்தார். வாத்துக்கறியும் அப்பமும் யாரையாவது செய்து தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். மரியக்குட்டி வந்த பிறகு ஈஸ்டர் கொண்டாடிக்கொள்கிறேன், கர்த்தர் பொறுத்துக்கொள்வார் என்றார்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு காலை. போனில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மரியக்குட்டி வேணும் என்று அவர் சொன்னார். அன்றைக்கு அந்தக் குரலில் பிடிவாதம் இல்லை, கெஞ்சல் இருந்தது. என்ன வந்ததோ எனக்கு, படிவத்தில் "தேவை: மனைவி. பெயர் மரியக்குட்டி, வயது 74" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பத்தரைக்கு வார்டு மெம்பர் வாசவன் கூப்பிட்டார். இது என்ன விளையாட்டு, பஞ்சாயத்தே சிரிக்கிறது என்று குதித்தார். எனக்கும் வாய் இருக்கிறது. கேள்வி உங்களுடையது, பதில் அவருடையது, எழுதியது மட்டும்தான் நான், பிடிக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள் என்றேன். சிரித்தவர்கள் சிரித்தாலும், படிவத்தில் ஏறிவிட்ட தேவைக்கு ஏதாவது ஒரு பதில் எழுதியே ஆக வேண்டும் என்பது சட்டம். செயலாளர் அதை மேலே அனுப்பினார். மேலே இருந்தவர் இன்னும் மேலே அனுப்பினார். ஐந்தாம் நாள் அம்மச்சிக்குப் பயண அனுமதி வந்துவிட்டது.

கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. சிவப்பு மண்டலத்திலிருந்து வருகிறவர் பதினான்கு நாள் வீட்டிலேயே தனியாக இருக்க வேண்டும். அந்த வீட்டில் அறுபத்தைந்து தாண்டிய வேறு யாரும் இருக்கக் கூடாது. வேறு அறை இருந்தாலாவது வாதாடிப் பார்க்கலாம். அவர்களுக்கு இருப்பது ஒரே அறை, ஒரே கழிப்பறை. ஆகவே அம்மச்சி வர வேண்டுமானால் அப்பச்சன் வெளியேற வேண்டும். பள்ளிக்கூடத்தில் பஞ்சாயத்து கட்டில் போட்டிருந்தது. அந்தக் காகிதத்தை வாசித்ததும், எழுதியவன் மண்டையில் குட்ட வேண்டும் போல இருந்தது.

படித்துறையில் நின்றபடியே அப்பச்சனிடம் சொன்னேன். "அங்கே அவளுக்குத் தூக்கம் வருதாமா?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், அம்மச்சி சரியாகத் தூங்குவதே இல்லை என்று மகள் சொன்னதைச் சொன்னேன்.

"அப்போ வரட்டும். நான் போறேன். ஆனா அவகிட்ட சொல்லாதே, சொன்னா வர மாட்டா."

மகளிடமும் சொல்லி வாயை மூடி வைத்தேன். சரியா தவறா என்று யோசிக்க அப்போது நேரமில்லை. பின்னால் நிறைய யோசித்தேன்.

ஏற்பாடு இதுதான். காலை ஒன்பது மணிக்குக் குஞ்ஞுமோனின் வள்ளத்தில் அப்பச்சன் பள்ளிக்கூடம் போய்விட வேண்டும். பதினொன்றுக்கு நான் பஞ்சாயத்துப் படகில் அம்மச்சியைக் கொண்டுவந்து இறக்க வேண்டும். ஒன்பதுக்குக் கூப்பிட்டால் வாத்துக்குத் தீனி வைக்கிறேன் என்றார். ஒன்பதரைக்குச் சவரம் செய்கிறேன் என்றார். பத்து மணிக்குப் போனையே எடுக்கவில்லை. அதற்குள் நாங்கள் காயலைப் பாதி கடந்திருந்தோம். அம்மச்சி முன்னால் குனிந்து உட்கார்ந்து, கரை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு நாளில் பாதியாகியிருந்தார்.

எங்கள் வாய்க்காலுக்குள் திரும்பினோம். எதிரே குஞ்ஞுமோனின் வள்ளம் வந்தது. நடுவில், வெளுத்த சட்டை போட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு அப்பச்சன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாத்தும் இல்லை, சவரமும் இல்லை. வழியில் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று வேண்டுமென்றே தாமதித்திருக்கிறார் கள்ளக் கிழவர். உடந்தையாக இருந்த குஞ்ஞுமோன் என் கண்ணைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மச்சி எழுந்துவிட்டார். படகு ஆடியது.

"அந்த மனுஷன் பையைத் தூக்கிக்கிட்டு எங்கே போறார்?"

நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. முகக்கவசத்துக்குப் பின்னால் உதடு எங்கே தெரியப்போகிறது! ஊருக்கெல்லாம் கவசத்தைக் கழற்றாதே என்று பாடம் எடுக்கிற நான், கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பதினான்கு நாள், பள்ளிக்கூடம், சட்டம் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர் முகம் மாறுவதைப் பார்க்க முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டேன்.

படகோட்டி இன்ஜினை நிறுத்தினார். படகும் வள்ளமும் நடுவே பத்தடித் தண்ணீர் விட்டு நின்றன. அப்பச்சனும் கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்.

"வீட்டுக்குப் போடி. போய் நிம்மதியாப் படு. நான் ரெண்டு வாரத்துல வந்துடுவேன்."

"இத்தனை நாளா நான் வீட்டுக்கா ஏங்கினேன்?" என்றார் அம்மச்சி.

அப்பச்சன் திரும்பி, குஞ்ஞுமோன் ஊன்றிக்கொண்டிருந்த மூங்கில் கழியை அவன் கையிலிருந்து வாங்கினார். ஈரம் சொட்டச் சொட்ட அதைத் தண்ணீருக்கு மேலே நீட்டினார். இழுத்து வைத்துக் கட்டிப்பிடித்துவிடுவாரோ என்று எனக்குப் பதறியது. இழுக்கவில்லை. நீட்டியபடியே நின்றார். அம்மச்சி இரண்டு கையாலும் மறுமுனையைப் பற்றிக்கொண்டார்.

ஆறடி இடைவெளி என்பது விதி. கழி பன்னிரண்டு அடிக்குக் குறையாது. என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, சொல்லவும் விருப்பமில்லை. நீரோட்டத்தில் படகும் வள்ளமும் சேர்ந்தே நகர்ந்தன. அம்மச்சி மட்டும் கழியையே உற்றுப் பார்த்தார். பிடியைத் தளர்த்தினார், மறுபடி இறுக்கினார்.

"கை இப்படி நடுங்குதே மனுஷா! எப்போலேர்ந்து?"

"நீ போன மறுவாரத்துலேர்ந்தே நடுங்குது" என்றார் அப்பச்சன். "யாரு பிடிச்சுப் பார்த்தா?"

தினமும் காலையில் தவறாமல் கூப்பிட்டு விசாரித்த நான், அம்மச்சிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.