ராணி மென்று முடிக்கும் வரை

1

இந்தக் கதை தாளில் பிறந்ததல்ல. பேரீச்சம்பழம் தரம் பிரிக்கும் ஒரு ஷெட்டில், ஓடுகிற பெல்ட்டின் முன்னால், ஒருத்தி திருட்டுத்தனமாக மெல்வதை மறைப்பதற்காகப் பிறந்தது. மறைத்தவள் நான். மென்றவளை ஷெட்டில் குருவி என்று கூப்பிடுவோம். குரல் அவ்வளவு சின்னது.

நான் எழுத்துக் கூட்டப் படித்ததே நாற்பதைத் தாண்டிய பிறகுதான். வேலை முடிந்து வந்து, இடுப்பு இற்று விழுகிற நேரத்தில் இதை எழுதுகிறேன். ஆகவே எங்காவது வாக்கியம் பாதியில் நின்றால், எழுதுகிற இந்த அம்மா கண்ணசந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறேன். எது எது என்று சொல்ல மாட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“ஒரு நாட்டில் ஒரு ராணி இருந்தாள். அவள் பேச மாட்டாள். ஏனென்றால்”

ஏனென்றால் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அதைச் சொல்ல ஷெட்டைச் சொல்லியாக வேண்டும்.

பிறகு இப்படி:

“நிறைமாதத்தை நெருங்கிய குருவியின் கண்களில் நிலவின் ஒளி”

அடித்துவிட்டேன். அவள் கண்ணில் இருந்தது தூசி. எல்லார் கண்ணிலும் அதுதான்.

சரி, ஷெட்டிலிருந்தே வருகிறேன். பெல்ட் ஓடும். இரண்டு பக்கமும் பெண்கள் நிற்போம். காய்ந்தது, வெடித்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் பொறுக்கி ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதும் வீணாகாது, பாகு காய்ச்சப் போகும். அதனால் நல்ல பழமோ கெட்ட பழமோ, ஒன்றுகூட எங்கள் வாய்க்குள் போகக் கூடாது. அதற்கு மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வேலை நேரம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்ற வாய் மெல்கிறது என்று அர்த்தம்.

“என்னம்மா, அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம்? வாயைத் தொற, பாப்போம்” என்பார். பிடிபட்டால் கேட்டுக்கு வெளியே.

(மற்ற இடங்களில் பேசினால் திட்டு விழுமாம். எங்களுக்குப் பேசாவிட்டால் விழும். சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு நாள் முழுக்கப் பேசிப் பாருங்கள், தெரியும். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மாமியார், நாத்தனார், ஓரகத்தி எல்லாரும் தீர்ந்துபோவார்கள். அதற்குப் பிறகு கதை கட்டினால்தான் உண்டு. நான் கதைக்காரி ஆனது அப்படித்தான். ஆசைப்பட்டு அல்ல.)

3

குருவிக்கு முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இது இரண்டாவது. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, பெல்ட்டைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள்.

“நர்ஸம்மா பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்றாங்கக்கா.”

“எதை?”

“இதைத்தான்.”

எங்கள் முன்னால் பழம் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எனக்குச் சக்கரை வியாதி இல்ல, சாப்பிடலாம்னாங்க. உடம்புல தெம்பு இல்லையாம். கடைசி மாசத்துல சாப்பிட்டா நோவு நேரத்துக்கு நல்லதுன்னும் சொல்றாங்க.”

“வாங்கிச் சாப்பிடேன்டி.”

“வீட்டுக்குள்ள கொண்டுபோக முடியாதுக்கா. அத்தை சூடும்பாங்க. போன தடவை கலைஞ்சதே இந்தப் பழத்தாலதானாம். இங்க வேலை பாக்கறதால கையில ஒட்டி உள்ள போயிடுச்சாம்.”

“வழியில சாப்பிடு.”

“அவருதானே கொண்டாந்து விட்டுட்டு, திரும்பக் கூட்டிட்டுப் போறாரு.”

அவள் புருஷன் தங்கமான பையன். அம்மாவிடம் எதையும் மறைக்கத் தெரியாத தங்கம்.

வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டு வரவும் கேட்டில் விட மாட்டார்கள். ஆக, உலகத்தில் அவளுக்கு அந்தப் பழம் கிடைக்கக்கூடிய ஒரே இடம் அந்தப் பெல்ட். அங்கே மென்று மாட்டினால் வேலை போகும், வேலையோடு பிரசவ லீவுச் சம்பளமும் போகும்.

“பயமா இருக்குக்கா” என்றாள். மேஸ்திரியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

4

மறுநாள் காலை, பெல்ட் ஓடத் தொடங்கியதும், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஆரம்பித்தேன்.

“கேளுங்கடி. ஒரு நாட்டுல ஒரு ராணி. வயித்துல வாரிசு. பிள்ளை பிறக்கற வரைக்கும் வாயே தொறக்க மாட்டேன்னு சபதம் போட்டுட்டா.”

“எதுக்காம்?” என்றாள் எதிரே நின்ற நெட்டை.

“சொல்றேன், அவசரப்படாதே. ஆளுக்கொரு வேஷம். நெட்டை, நீ ராஜா.”

“மீசை?”

“இருக்கறது போதும்.”

ஷெட்டே சிரித்தது. குருவிக்கு ராணி வேஷம் கொடுத்தேன். அவள் முதலில் விழித்தாள். பிறகு புரிந்துகொண்டு, தலையை நிமிர்த்தினாள். ஒரு நல்ல பழம், கருத்து மினுங்கியது, அவள் விரலில் ஏறி, தூசிக்காக இழுத்துவிட்டிருந்த முக்காட்டுக்குள் நுழைந்து வாய்க்குப் போய்விட்டது.

மேஸ்திரி வந்தார்.

“குருவி, ஏன் சத்தமில்ல?”

“அவ ராணி, மேஸ்திரி. பேசினா சபதம் உடைஞ்சிடும்.”

“ஓகோ. ராணி வாயைக் கொஞ்சம் தொறக்கட்டும், பாக்கலாம்.”

“ராணியை வாயைத் தொறன்னு சொல்ல, நீங்க யாரு, பல் டாக்டரா?” என்றாள் நெட்டை, ராஜா குரலில்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போய்விட்டார். கொட்டை குருவியின் கையுறைக்குள் இறங்கியது.

5

(கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். வாயால் சொன்ன கதைக்கு எங்கே முடிய வேண்டும் என்று தெரிந்திருந்தது. குருவி மென்று விழுங்கும் வரை. அவள் பழத்தைக் கடித்தால் நான் அரண்மனைத் தூண்களை வர்ணிப்பேன். பழம் கொஞ்சம் காய்ந்ததாக இருந்தால் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்வேன். மேஸ்திரி செருப்புச் சத்தம் கேட்டால் எதிரிப் படை வந்துவிடும், எல்லாரும் கூச்சல் போடுவோம். விழுங்கினாள் என்றால் அத்தியாயம் முடிந்தது. இப்போது தாளில் எழுதும்போது எதிரே யாரும் மெல்லவில்லை. எவ்வளவு நீட்டுவது, எங்கே குறைப்பது என்று கை தடுமாறுகிறது. நீங்கள் எதையாவது தின்றுகொண்டு படித்தால் எனக்கு உதவியாக இருக்கும்.)

6

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான ஆள் மேஸ்திரிதான். அவருக்குத் தெரியுமா தெரியாதா? தெரியாது என்று எழுதினால் மனிதர் முட்டாளாகிவிடுகிறார். அவர் முட்டாள் இல்லை. தெரியும் என்று எழுதினால் நல்லவராகிவிடுகிறார். அதற்கும் எனக்கு மனசு வரவில்லை. அவர் எங்களை வாங்கிய வாங்கு அப்படி.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் முதலாளி ஷெட்டுக்குள் வந்துவிட்டார். எதிரிப் படையைக் கூப்பிடக்கூட எனக்கு நேரமில்லை. நேராகக் குருவியின் முன்னால் போய் நின்றார். அவள் வாயில் முழுப் பழம். கன்னம் புடைத்திருந்தது.

“இந்தப் பொண்ணு ஏன் பேசல?”

இத்தனை நாள் வற்றாத என் வாய், அந்த நேரத்தில் காலை வாரியது.

மேஸ்திரிதான் முன்னால் வந்தார்.

“அது ராணிங்கய்யா.”

“என்னது?”

“சபதம் போட்டிருக்காங்க, ஐயா. பிள்ளை பிறக்கற வரைக்கும் பேச மாட்டாங்க. அரண்மனையில பெரிய பெரிய தூணுங்க. அங்க ஒரு மேஸ்திரி இருக்கான். ரொம்ப நல்லவன். ராணியே அவனைக் கேட்டுட்டுத்தான் எதையும்…”

என் கதையில் மேஸ்திரியே கிடையாது. தானாகவே உள்ளே நுழைந்து, வேலையும் வாங்கிக்கொண்டு, நல்ல பெயரும் எடுத்துவிட்டார் மனிதர். நெட்டை உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். மேஸ்திரி விடவில்லை. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எதிரிப் படையை அந்த அரண்மனை மேஸ்திரி தனியாளாக விரட்டினான். முதலாளி வந்த வேலையை மறந்து நின்று கேட்டார்.

குருவியின் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். அவள் விழுங்கிய அதே நொடியில் மேஸ்திரி சொன்னார்:

“அவ்வளவுதாங்கய்யா. மீதி நாளைக்கு.”

அவருக்குத் தெரியுமா? நீங்களே சொல்லுங்கள்.

7

பெண் குழந்தை. நோவு கண்டது காலையில், பிறந்தது மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளையின் அழுகை ஆஸ்பத்திரி வராந்தாக் கோடி வரை கேட்டதாம். “குருவி வயித்துல இப்படி ஒரு சங்கா?” என்று நெட்டை ஷெட்டில் குதித்தாள். அன்று பெல்ட்டில் நாங்கள் யாரும் கதை சொல்லவில்லை. கத்திக்கொண்டே இருந்தோம்.

(பேரீச்சம்பழத்தால்தான் சுகப்பிரசவம் என்று ஒரு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் குருவி பயப்படாமல் நின்றாள். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது பழத்தாலா, கதையாலா, கூட நின்ற பெண்களாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இதை மட்டும் தரம் பிரிக்க முடியவில்லை.)

கதையை இங்கே முடிப்பதுதான் மரியாதை. ஒரு முறை முடித்தும் விட்டேன். “சுபம்” என்றுகூட எழுதினேன். அப்புறம் லீவு முடிந்து குருவி வேலைக்குத் திரும்பினாள். கதை கெட்டது.

8

முதல் நாள். பெல்ட் ஓடியது. மேஸ்திரி அவள் பக்கமாக வந்து நின்றார்.

“என்ன ராணி, பிள்ளை பிறந்தாச்சு. சபதம் முடிஞ்சுது. இனிமே பேசலாமில்ல?”

குருவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். முக்காட்டை நன்றாகப் பின்னால் தள்ளினாள். பெல்ட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். ஒளிக்கவில்லை. அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்தக் குரலை நாங்கள் அதுவரை கேட்டதேயில்லை.

“பால் குடுக்கறவளுக்குப் பசிக்கும், மேஸ்திரி.”

வாயில் போட்டு மென்றாள்.

அடுத்து நெட்டை கையை நீட்டி ஒரு பழம் எடுத்தாள். அவளுக்குப் பால் குடிக்கிற பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை. நானும் எடுத்தேன். பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு கையாக நீண்டது. ஒவ்வொரு வாயாகப் பேச்சு நின்றது. இத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்திருக்கிறேன், பெல்ட் ஓடுகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். எல்லாரையும் எப்படி வெளியே அனுப்புவார்? அனுப்பிவிட்டு யாரை வைத்துப் பெல்ட்டை ஓட்டுவார்? இதெல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போனது. கடைசியில் வாயைத் திறந்தார்.

அவர் சொன்னதை எழுதலாம். எழுத மாட்டேன். அரண்மனையில் தானாக வேலைக்குச் சேர்ந்த ஆள், அவர் என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். என் வாயில் இன்னும் பழம் இருக்கிறது. மிச்சத்தை நீங்கள் பேசுங்கள்:

மேஸ்திரி சொன்னார், “