முழங்கை கிரீஸ்

ரொட்டித் தொழிற்சாலையின் சாமான் அறைச் சாவி ஐந்து வருடமாக அவள் கையில்தான். ஓர் ஆணி குறைந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அன்று காலை சோதனைக்கு வந்த அதிகாரி, நாலாம் அடுப்பின் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துப் போனார்: ‘இந்தக் கறைக்கு எல்போ கிரீஸ் போதும்.’

அலமாரியை மூன்று முறை புரட்டினாள். சங்கிலிக்குப் போடும் கிரீஸ் இருந்தது, பேரிங்குக்குப் போடுவதும் இருந்தது. எல்போ கிரீஸ் மட்டும் இல்லை. அதிகாரியே எழுதியிருக்கிறார் என்றால் அலமாரியில் இருந்திருக்கத்தான் வேண்டும்; யாரோ லவட்டிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டாள்.

சந்தேகம் நேராகக் கொழுந்தன் மேல் விழுந்தது. அவனும் அங்கேதான் ஃபிட்டர். சீட்டைப் படித்ததும் ஏன் சிரித்தான்? “அது என்கிட்டயே இருக்கு அண்ணி, நான் பாத்துக்கறேன்” என்றானே, அவனிடம் எப்படி வந்தது? மதியம் வீட்டுக்குப் போய்த் திரும்பியவன், பையை வேறு மார்போடு அணைத்துக்கொண்டு அடுப்பறைக்குள் நுழைந்தான்.

அவள் மேலாளரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினாள். “சொந்தக்காரன்னு மூடி மறைக்க மாட்டேன் சார். எல்போ கிரீஸ் டப்பா காணோம்.”

“எத்தனை டப்பா?” என்றார் மேலாளர். அவருக்கும் விஷயம் தெரியாது.

இருவரும் பூனைநடை போட்டுப் போய் எட்டிப் பார்த்தார்கள். கொழுந்தன் சோடா உப்பும் ஈரத்துணியுமாக அடுப்புக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வியர்வை முழங்கை வழியே சொட்டியது.

“டப்பா எங்க?” என்றாள்.

“என்ன டப்பா? அண்ணி, எல்போன்னா முழங்கை. மாங்கு மாங்குன்னு தேய்ச்சா வேர்க்குமே, அதைத்தான் கிண்டலா கிரீஸ்னு சொல்றாங்க. இங்கிலீஷ்காரங்க முந்நூறு வருஷத்துக்கு மேலயே இப்படிப் பேசறாங்க. எந்த மெழுகு போட்டாலும் இந்தப் பளபளப்பு வராதாம். வேலைக்குப் புதுசா வந்தவங்களை, இதை வாங்கிட்டு வான்னு கடை கடையா அலைய விடுவாங்களாம்.”

மேலாளர் இருமிக்கொண்டே நழுவினார்.

“அப்ப பையில என்ன?”

“இந்தச் சோடா உப்புதான். உங்ககிட்ட கேட்டா நூறு கேள்வி கேப்பீங்களே.” அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சிரிப்பு அணைந்தது. “என்னைத் திருடன்னா நெனச்சீங்க?”

அவள் இன்னொரு துணியை எடுத்துக் கதவின் கீழ்ப்பாதியைத் தேய்க்க ஆரம்பித்தாள். கறை முழுவதும் போகும்வரை அவன் மேல்பாதியைத் தேய்த்தான்.

வீட்டில் ஒரு வாரம் அவன் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. எட்டாம் நாள்தான், “அண்ணி, தண்ணி குடுங்க” என்றான்.