விரிப்பின் மறுமுனை

ரோலரிலிருந்து வெளியே வந்த விரிப்பை அவளும் அண்ணியும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறினார்கள். விரல் நுனியில் சூடு சுருக்கென்றது. எதிர்முனையிலிருந்து மெல்லிய அதிர்வு ஒன்று துணி வழியாக ஓடிவந்து அவள் உள்ளங்கையில் முடிந்தது. அண்ணிக்கு இன்றைக்குக் கை கொஞ்சம் கூடுதலாகவே நடுங்குகிறது என்று அதை வைத்தே தெரிந்துகொண்டாள்.

மருத்துவமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற சலவைக்கூடம் அது. தகரக் கூரை. நடுவில் லாரி நீளத்துக்கு அந்த ரோலர், உள்ளே நீராவி ஓடும் இரும்பு உருளைகள். இந்தப் பக்கம் ஈரத்துணியைக் கொடுத்தால் அந்தப் பக்கம் விறைப்பாக வந்து விழும். அதை மடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். அவளும் அவள் அண்ணன் மனைவியும் ஒரு ஜோடி.

"நாத்தனாரும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா துணி கிழிஞ்சுடாதா?" என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள்.

"நாங்க வீட்டுலயே இழுத்து முடிச்சுட்டுத்தான் வர்றோம்" என்பாள் அண்ணி.

போன வருஷம் அண்ணியின் மனசு தறிகெட்டு ஓடியது. தூக்கம் என்பதே இல்லை. இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்தாள். பேச்சு நிற்கவில்லை, பாட்டு நிற்கவில்லை. சூப்பர்வைசர் எல்லாரையும் கூப்பிட்டு அவளுக்குக் கைதட்டச் சொன்னார். "இந்த அம்மா மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா எனக்கு வேற யாருமே வேண்டாம்" என்றார். ஒரு நாள் காலையில், வெளுத்து அடுக்கியிருந்த விரிப்புகளை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் சிரித்தபடி வாரிக் கொடுத்தாள். அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று எல்லாருக்கும் உறைத்தது. அடுத்த மாதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், தலை வாரிக்கொள்ளக்கூட எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா அதற்கு இருமுனைக் கோளாறு என்று பெயர் சொன்னார். லித்தியம் மாத்திரை எழுதினார்.

மாத்திரை அண்ணியின் மனசைத் தரைக்குக் கொண்டுவந்தது. ஆனால் உடம்பைச் சும்மா விடவில்லை. நாக்கில் எப்போதும் இரும்பு ருசி. எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். குடித்த கையோடு கழிப்பறைக்கு ஓட்டம். இடுப்பு பெருத்து, பழைய உடுப்பெல்லாம் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது. எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் கை நடுக்கம்.

அண்ணி யாரிடமும் இதைப் பற்றி மூக்கைச் சிந்தவில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது போல அந்த உடம்பைப் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை இடுப்பில் கட்டிக்கொண்டாள். சாப்பாட்டில் உப்பு கூடவும் விடமாட்டாள், குறையவும் விடமாட்டாள். முதுகுவலிக்கென்று எல்லாரும் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரையைக் கையால் தொடமாட்டாள். அது இதோடு சேராது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நடுக்கத்தையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, அந்த மூச்சு முடிவதற்குள் மூலையோடு மூலையைச் சேர்த்துவிடுவாள். நடுங்குகிற அந்தக் கைகளுக்குள் நாலு மூலையும் இம்மி பிசகாமல் வந்து உட்காரும். தினமும் எதிரே நின்று பார்த்தாலும் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் ஏதோ நடக்கக்கூடாதது நடந்ததைப் பார்ப்பது போலவே இருந்தது.

வெயில் ஏறிய வாரத்தில் வேறொருத்தியின் பாட்டில் சாய்ந்து ஓர் அடுக்கு விரிப்பு நனைந்தது. அன்றிலிருந்து கூடத்துக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று சூப்பர்வைசர் உத்தரவு போட்டார். பாட்டில்கள் எல்லாம் வாசல் பெஞ்சியில். குடிக்கப் போவதானால் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

"சார், எனக்கு மாத்திரைக்குத் தண்ணி அவசியம்" என்றாள் அண்ணி.

"எல்லாருக்கும்தாம்மா தாகம் எடுக்குது. போன வருஷம் எப்படி வேலை பார்த்தே! இப்ப என்னடான்னா கக்கூஸுக்கும் வாசலுக்குமா நடந்துக்கிட்டிருக்கே."

அண்ணி கேட்டுக் கேட்டுப் போனாள். பிறகு கேட்பது குறைந்தது. வியர்வை மட்டும் குறையவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் துணி வழியாக வந்தது அதிர்வில்லை, வெடுக்கென்று ஓர் இழுப்பு. விரிப்பு அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணி மேஜையைப் பிடித்தபடி குமட்டிக்கொண்டிருந்தாள். "குட்டி" என்று கூப்பிட வாயெடுத்தாள். நாத்தனார் இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அண்ணி அவளை அப்படித்தான் கூப்பிடுவாள். நாக்கு குழறி, சொல் பாதியில் நின்றது. ஓரடி எடுத்து வைத்தவள் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

"என்ன, குடிச்சிருக்காளா?" என்றார் சூப்பர்வைசர்.

"குடிக்கத்தான் நீங்க விடலையே சார்!" என்று கத்தினாள் அவள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று பிறகு நினைத்துப் பார்த்தாள். அண்ணியை அணைத்துத் தூக்கி, வாசலில் வந்த முதல் வண்டியை மறித்து ஏறினாள்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வேர்வையாக நீரும் உப்பும் போய்விட்டதால், வெளியேற வேண்டிய மருந்து ரத்தத்திலேயே தேங்கி விஷமாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. "இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டம். சூடில்லாத வேலை ஏதாவது பார்க்கக்கூடாதா?"

மறுநாள் சாயங்காலம் அண்ணிக்குப் பேச்சு தெளிந்தது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்காமல், மற்றக் கையால் படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தடவினாள்.

"நம்ம கூடத்துத் துணி குட்டி. யார் மடிச்சதோ, மடிப்பு கோணல்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அண்ணி, இந்த மாத்திரையே வேண்டாம். விட்டுடுங்க. போன வருஷம் கையாவது ஒழுங்கா இருந்துச்சே."

அண்ணி அந்தக் கோணல் மடிப்பை விரலால் நீவிவிட்டாள்.

"நல்லாத்தான் மடிச்சேன், இல்லேங்கலை. ஆனா அந்த மாசத்துல உங்க அண்ணன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சாமே, அதுவும் தெரியாது. இப்ப அவர் ராத்திரி இருமினாக்கூட எனக்குக் கேக்குது. அதை விட்டுட்டு எங்க போகச் சொல்றே?"

இத்தனை நாள் அண்ணி நோயோடு மல்லுக்கட்டுகிறாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தாகமும் நடுக்கமும் இரும்பு ருசியும் எல்லாம் சேர்ந்து, யாரோ இருமுவதைக் கேட்பதற்காகவா? ஒல்லியான, பல் எடுப்பான தன் அண்ணனை இப்படி ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. அண்ணியின் கையைத் தொட்டாள். அது இன்னும் லேசாக நடுங்கியது.

டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் குறைத்துச் சரிப்படுத்தினார். வேலை மலைபோலக் குவிந்திருந்ததால் சூப்பர்வைசர் அண்ணியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஆனால் தண்ணீர் வெளியேதான். அந்த வாரம் முழுக்கக் கூடத்துப் பெண்களில் பாதிப் பேருக்குத் திடீரென்று வயிறு கெட்டுப்போனது. ஒருத்தி மாற்றி ஒருத்தி வெளியே ஓடினாள். திரும்பி வருகிற ஒவ்வொருத்தியின் மடியிலும் ஒரு பாட்டில் இருந்தது. அண்ணி அழுக்குத்துணி வண்டிக்குப் பின்னால் குனிந்து குடித்துவிட்டு நிமிர்வாள். "எனக்காக எத்தனை வயிறுடி!" என்பாள்.

அடுத்த திங்கட்கிழமை ரோலர் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. மெக்கானிக் வந்து அதன் மின்பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"சூடு தாங்கலை சார். இது நுட்பமான சாமான். இதுக்குக் குளிர்ச்சி வேணும்."

சூப்பர்வைசர் உடனே போன் போட்டார். பொழுது சாய்வதற்குள் புதுக் குளிர்சாதனம் வந்து, ரோலரின் மின்பெட்டியைப் பார்த்தபடி சுவரில் ஏறியது. சில்லென்ற காற்று மடிக்கிற மேஜையின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. அவள் மேஜையை ஒரு முழம் இழுத்துப் போட்டாள். அண்ணியின் முகத்தில் காற்று பட்டது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேஜையைப் பழைய இடத்துக்குத் தள்ளுங்கம்மா. காத்தை மறைக்குது. அது மெஷினுக்கு" என்றார் சூப்பர்வைசர்.

தள்ளினார்கள். ரோலர் மறுபடி சுழன்றது, சூடான விரிப்பு வெளியே வந்து விழுந்தது. அண்ணி முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டாள், மூச்சை விட்டாள், மூலைகள் சேர்ந்தன.

குளிர்சாதனத்தின் அடியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. சூப்பர்வைசர் ஒரு வாளியைக் கொண்டுவந்து கூடத்துக்குள்ளேயே அதன் அடியில் வைத்துவிட்டுப் போனார். உலர்ந்த உதடுகளை நாக்கால் தடவிக்கொண்டே அண்ணி அடுத்த விரிப்புக்குக் கை நீட்டினாள். வாளி நிறைந்துகொண்டிருந்தது.